இடது உதடும் ஆறு டிராக்குகளும்

1. செவ்வாய்க்கிழமை மாலை, ஸ்டுடியோவில் ஐந்தாவது டிராக்கின் மூன்றாவது டேக்கில், என் உதட்டின் இடது ஓரத்திலிருந்து காற்று கசிந்தது.

2. உதடு களைத்துவிட்டது என்று நினைத்தேன். டிரம்பெட் வாசிக்கும் யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

3. வீட்டுக்கு வந்து உதட்டுக்குத் தைலம் தடவிக்கொண்டு, ஒரு மணி நேரம் நீண்ட சுரங்களைப் பிடித்துப் பழகினேன்.

4. புதன் காலை வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடப்பக்கமாக வழிந்து சட்டையை நனைத்தது. அதையும் களைப்பின் கணக்கில் சேர்த்தேன்.

5. புதன் மதியம் குக்கர் விசில் இடது காதுக்குள் ஆணிபோல் இறங்கியது. குழம்பில் ருசி இல்லை. அம்மாவைக் குறை சொன்னேன்.

6. வியாழன் காலை அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, தோசைக் கரண்டியைக் கீழே வைத்தார்.

7. வியாழன் மதியம் மருத்துவர், “கண்ணை மூடுங்க” என்றார். மூடினேன். “ரெண்டு கண்ணையும் மூடுங்கம்மா” என்றார். இரண்டையும்தான் மூடியிருந்தேன்.

நோயின் பெயர் பெல்ஸ் பால்சி (முகத்தின் ஒரு பக்கத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி, அந்தப் பக்கம் திடீரென்று செயலற்றுப் போவது). மூளையில் வரும் பக்கவாதம் வேறு, இது வேறு. நெற்றியைச் சுருக்கச் சொல்லி, கை கால்களின் பலத்தைப் பார்த்து, மருத்துவர் அதை உறுதிசெய்தார். காதில் குத்திய விசிலும் ருசி போன குழம்பும்கூட அதே நரம்பின் வேலைதான். இந்த வேறுபாட்டைக் கண்ணாடி முன் நின்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். முகம் கோணினால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு மாத்திரையை (நரம்பின் வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து) முதல் மூன்று நாட்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். அந்த மூன்றில் இரண்டை நான் தைலம் தடவிக் கழித்தேன்.

மூடாத கண் காய்ந்து புண்ணாகும். பகலில் சொட்டு மருந்தும் மூக்குக்கண்ணாடியும், தூங்கும்போது இமையை மூடி ஒட்டும் பட்டையும் வேண்டும். முகத்தைப் பற்றிய கவலையில் கண்ணை மறந்துவிட வேண்டாம்.

இனி நான் யார் என்பது. கோச்சடையில் வளர்ந்தேன். அப்பா மிஷன் பள்ளி ஒன்றில் எழுத்தர். அந்தப் பள்ளியின் பேண்டில்தான் டிரம்பெட் கைக்கு வந்தது. மின்னணுவியல் படித்தேன். தொழிற்சாலைகளின் அழுத்தமானிகளும் வெப்பமானிகளும் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதித்துத் திருத்துவது என் வேலை. சனி, ஞாயிறுகளில் ஸ்டுடியோ. பக்திப் பாடல், விளம்பரம், கல்யாண வீடியோ என்று ஏழு வருடம் பிறர் இசைக்கு வாசித்தேன். எதிலும் என் பெயர் வராது. ஒருமுறை, டிரம்பெட்டைப் பிடிக்கவே தெரியாத ஒருவர் மேடையில் என் பதிவுக்குக் கன்னத்தை உப்பிக் காட்டிக் கைதட்டு வாங்கினார். கூட்டத்தில் நின்று நானும் தட்டினேன்.

பிறகுதான் என் பெயரிலேயே ஓர் ஆல்பம் போட ஆறு டிராக்குகள் எழுதினேன். எல்லாவற்றிலும் டிரம்பெட்தான் முன்னால் நிற்கும். வேலையை விட்டேன். அப்பாவின் பள்ளி அரங்கில் கோடை விடுமுறைக்கு நிகழ்ச்சி முடிவாகி, என் பெயர் போட்ட அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. வேலையை விட்ட இரண்டாவது மாதம் உதடு போனது. நான்கு டிராக்குகள் முடிந்திருந்தன.

அடுத்து வந்தவர்கள் ஆலோசகர்கள். திருவாதவூர் அத்தை, ஃபேனுக்கு நேராகப் படுத்திருப்பாய் என்றார். சர்ச்சில் ஒருவர், ஜெபக்குறைவு என்று மென்மையாகத் தொடங்கினார். மாட்டுத்தாவணியிலிருந்து வந்த ஆட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, அவருடைய மச்சானுக்கு இப்படி வந்து பச்சிலைச் சாற்றில் சரியான கதையைக் காளவாசல் வரை சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது:

“பொம்பளப் புள்ள அம்புட்டு மூச்சு கட்டி ஊதலாமாக்கா? ஊதி ஊதியே கோணிருச்சு பாருங்க.”

இவர்கள் அனைவரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டார்கள்: பலூன் ஊத வேண்டும். ஒரே வாரத்தில் மூன்று பேர் மூன்று பாக்கெட் பலூன் வாங்கி வந்தார்கள். ஏழு வருடம் ஊதியதால் நோய் வந்தது என்று சொன்ன அதே வாய்தான் இதையும் சொன்னது.

மருத்துவரிடம் காரணம் கேட்டேன். டிரம்பெட்டும் இல்லை, ஃபேனும் இல்லை, பெரும்பாலும் ஏன் வருகிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். ஒரு வைரஸாக இருக்கலாம். நான் பார்த்த வேலையில் ‘காரணம் தெரியவில்லை’ என்று அறிக்கை கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள். இவரை எங்கே திருப்பி அனுப்புவது?

பலர் சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். என் நரம்பு அடிபட்ட அளவுக்கு மாதங்கள் ஆகும் என்றார். அறுந்த இழைகள் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். காதுக்குப் பின்னாலிருந்து உதட்டு ஓரம் வரை நூல் வைத்து அளந்தேன். அளந்து பார்ப்பதே என் பழக்கம். அளக்க முடிந்ததைத் திருத்திவிடலாம் என்பதுதான் நான் படித்த படிப்பு.

என்னைப் பிசியோதெரபிக்கு அனுப்பினார்கள். ஹசீனா என்ற பயிற்சியாளர், கண்ணாடி முன் உட்கார்ந்து உதட்டை மெதுவாகக் குவிக்கவும் விரிக்கவும் சொல்லிக்கொடுத்தார். வேளைக்குப் பத்து முறை. பலம் காட்டக் கூடாது. டிரம்பெட்டை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

பத்து எனக்குப் போதவில்லை. ஸ்டுடியோவில் ஒரு வரி சரியாக வராவிட்டால் இன்னொரு டேக், அப்புறம் இன்னொன்று. வரும்வரை. எனக்குத் தெரிந்த ஒரே மருத்துவம் அது. கணினியில் அட்டவணை போட்டேன். நாளைக்கு முந்நூறு முறை உதட்டைக் குவிப்பது, முழு பலத்தோடு. பலூன்களும் வீணாகவில்லை. நான்காவது வாரத்திலிருந்து இடது ஓரத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு டிரம்பெட். நிகழ்ச்சியைத் தள்ளி வைத்தாயிற்று. இரண்டாவது முறை தள்ளக் கூடாது என்பதே நினைப்பு.

ஏழாவது வாரம் உதட்டு ஓரம் அசைந்தது. அட்டவணையில் அந்தக் கட்டத்துக்குப் பச்சை நிறம் கொடுத்தேன். பதினோராவது வாரம் கீழ்ச் சுரங்கள் விரலின் உதவியில்லாமல் வந்தன. நான் செய்தது சரிதான் என்று ஹசீனாவிடம் காட்டப் போகும் நாளுக்காகக் காத்திருந்தேன்.

பதினைந்தாவது வாரம் ஒரு காலை, காப்பி சூடாக இருந்தது. உதட்டைக் குவித்து ஊதினேன். எதிரில் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“என்னையப் பாத்து எதுக்குடி கண்ணடிக்கிற?” என்றார்.

நான் கண்ணடிக்கவில்லை. மறுபடி ஊதினேன். அம்மா சிரித்தார். மூன்றாவது முறை சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கண்ணாடியில் பார்த்தேன். உதட்டைக் குவிக்கும்போதெல்லாம் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

இதற்குச் சின்கைனீசிஸ் என்று பெயர் (ஒரு தசையை அசைக்கும்போது சம்பந்தமில்லாத இன்னொரு தசையும் சேர்ந்து அசைவது). மறுபடி வளரும் நரம்பிழைகள் வழி தவறிப் போகும். உதட்டுக்குப் போக வேண்டிய இழை இமைக்குப் போய்ச் சேரும். ஸ்விட்ச் ஒன்று, எரிவது இரண்டு விளக்கு. இப்படி வயர் போட்ட எலக்ட்ரீஷியனைத் திரும்ப வரவழைத்திருப்பேன்.

ஹசீனா என் அட்டவணையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்தார்.

“நான் எம்புட்டு சொன்னேன்?”

“பத்து.”

“நீங்க எம்புட்டு செஞ்சீங்க?”

“முந்நூறு.”

“படிச்ச புள்ளைங்கதான் இப்படிப் பண்றீங்க. படிக்காதவங்க பத்துன்னா அஞ்சு செய்வாங்க, தப்பிச்சுக்குவாங்க.”

அவ்வளவு செய்யாமலிருந்தாலும் இது வந்திருக்கலாம் என்று பின்னால் சொன்னார். நரம்பு எப்படி வளரும் என்பது யார் கையிலும் இல்லை. ஆனால் பலத்தைக் காட்டிக் காட்டி அந்தத் தப்பான வழியை நான் கெட்டிப்படுத்திவிட்டேன். இனி செய்ய வேண்டியது அதை அவிழ்ப்பது. கண்ணாடி முன் உட்கார்ந்து, கண் மூடத் தொடங்கும் புள்ளிக்குச் சற்று முன்னால் உதட்டை நிறுத்த வேண்டும். பத்து முறை. அட்டவணையை அழிக்கச் சொன்னார். அழித்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யார்மீது கோபப்படுவது என்று யோசித்தேன். யாரும் அகப்படவில்லை.

இந்த நிலையில்தான் டேவிட் அண்ணே நேரில் வரச் சொன்னார். காளவாசல் பக்கம் மாடியில் அவருடைய ஸ்டுடியோ. ஏழு வருடமும் என்னைப் பதிவு செய்தவர் அவர்தான். பள்ளி அரங்குக்குப் புதுத் தேதி கேட்கிறார்கள் என்றார். மீதி இரண்டு டிராக்குகளுக்குத் திண்டுக்கல்லிலிருந்து ஒருவரை வரவழைத்து வாசிக்கச் சொல்லலாம், வெளியே யாருக்கும் தெரியாது என்றார்.

என் தனி ஆல்பத்தில் எனக்குப் பதிலாக வேறொருவரா என்று கேட்டேன்.

“நீ எம்புட்டுப் பேருக்கு வாசிச்சுக் குடுத்துருக்க? உனக்கு ஒருத்தன் வாசிக்கக் கூடாதாத்தா?”

மாடிப்படி இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவர் ஒரு பதிவை அனுப்பினார். திண்டுக்கல்காரர் அருள், ஆறாவது டிராக்கை மாதிரிக்கு வாசித்திருந்தார். சுமாராக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். நன்றாக இருந்தது. நான் மூச்சு எடுக்கும் இடங்களில் மூச்சு எடுத்து, நான் இழுக்கும் இடத்தில் இழுத்து, முதல் நான்கு டிராக்குகளைக் கேட்டுவிட்டு அப்படியே என்னைப்போல் வாசித்திருந்தார். எங்கள் தொழிலே அதுதான். யாருடைய பதிவோ அவர்போல் வாசிப்பது. ஏழு வருடம் நான் பிறருக்குச் செய்த வேலை எப்படி இருக்கும் என்று முதல்முறையாக இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன்.

ஸ்டுடியோவுக்குப் போய் இரண்டு விஷயம் சொன்னேன். ஐந்தாவது டிராக்கின் சுருதியை இறக்கி நானே வாசிப்பேன். ஆறாவது முழுக்க மேல்ஸ்தாயி, அது இப்போது என்னால் முடியாது. அருள் வாசித்தது அப்படியே இருக்கட்டும், ஆனால் அவர் பெயர் உறையில் வர வேண்டும். டேவிட் அண்ணே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தனி ஆல்பத்தில் இன்னொரு டிரம்பெட்டுக்காரன் பெயரா, பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்றார். நினைக்கட்டும் என்றேன்.

அருளிடம் போனில் சொன்னபோது அவருக்கு அது ஒரு தொந்தரவாகத்தான் பட்டது.

“பேரெல்லாம் எதுக்கு சிஸ்டர்? வந்தேன், வாசிச்சேன், போறேன். அம்புட்டுத்தான்.”

ஏழு வருடம் நான் சொல்லிவந்த அதே வாக்கியம். பேர் எதற்கு என்று அவருக்கு விளக்கும் பொறுமை எனக்கு இல்லை. அவர் பெயரின் எழுத்துகளை மட்டும் சரிபார்த்துக்கொண்டேன்.

ஐந்தாவது டிராக்குக்கு நான்கு மதியங்கள் ஆயின. நாளைக்குப் பத்து டேக், பதினொன்று கிடையாது. இடது ஓரம் வலதைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்கிறது. அதனால் ஒவ்வொரு சுரத்துக்கும் இடப்பக்கத்தை முன்கூட்டியே கிளப்பிவிட வேண்டியிருக்கிறது, வாசலில் செருப்பு மாட்டத் தாமதிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவதுபோல. சிரிப்புக்கும் அப்படித்தான். நகைச்சுவை முடியும் முன்னரே ஆயத்தமாகிறேன். நாட்களைக் கிழமைகளில் அல்லாமல் நரம்பு வளரும் மில்லிமீட்டர்களில் கணக்கிடுவது பழகிவிட்டது. ஐந்து சென்டிமீட்டர் போனால் கிறிஸ்துமஸ் என்று அம்மாவிடம் சொல்லப்போக, தீர்க்கமாக ஒரு பார்வை பார்த்தார்.

இன்று முப்பத்தோராவது வாரம். குக்கர் விசில் வெறும் விசிலாகிவிட்டது, குழம்புக்கு ருசி திரும்பியிருக்கிறது. ஆறு டிராக்குகளும் முடிந்தன. ஐந்தில் நான், ஒன்றில் அருள். நிகழ்ச்சி அடுத்த மாதம், அதே பள்ளி அரங்கில். வாசிக்கப்போவது ஐந்து. மேல்ஸ்தாயியில் பாதி தூரம்வரை ஏற முடிகிறது. அதற்கு மேல் இடது கண் மூடிக்கொள்கிறது. நோட்டேஷன் தாளை வலது கண்ணுக்கு நேராகத் தள்ளி வைத்திருக்கிறேன்.