இசக்கித்துரை சார் வளர்த்த பிள்ளைகள்

சங்கரன்கோவிலில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் பலர் உண்டு. வளர்த்தவர் ஒருவரே. அவர் உடற்கல்வி ஆசிரியர் இசக்கித்துரை.

ஆண்டுதோறும் ஜூலை மாதம் உயரப் பதிவேட்டை எடுத்து, போன வருடக் கணக்கோடு தலைக்கு ஐந்து சென்டிமீட்டர் கூட்டி எழுதிவிடுவார். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு மத்தியானத்தில் வளர்ந்து முடிந்துவிடுவார்கள். ஏற்றத்தாழ்வே இல்லாத சமத்துவ வளர்ச்சி. சுவரில் வரைந்த அளவுகோல் ஒன்றும் பள்ளியில் இருக்கத்தான் செய்தது. அதன் முன்னால் சத்துணவு முட்டை அட்டைகள் வைக்கும் பீரோவை நிறுத்தியிருந்தார்கள். அளவுகோலுக்கு வெயில் படக்கூடாது பாருங்கள்.

இந்தத் திருப்பணிக்கு இடைஞ்சலாக வந்தாள் எட்டாம் வகுப்பு சண்முகப்ரியா. பதிமூன்று வயது, பார்த்தால் எட்டு வயது. அவள் அம்மா வள்ளித்தாய் விசைத்தறியில் வேலை பார்ப்பவள். திருநெல்வேலி டாக்டரிடம் மகளைக் கூட்டிப் போனாள். டாக்டர் அளந்தார்: நூற்று இருபத்தொன்று. பள்ளிப் பதிவேட்டின் நகலைப் பார்த்தார்: நூற்று நாற்பத்தெட்டு.

"ஏம்மா, பிள்ளை இருபத்தேழு சென்டிமீட்டர் சுருங்கிட்டாளா?" என்று கேட்டார்.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினார். வளர்ச்சி ஹார்மோன் குறைவாக இருக்கலாம். வருடத்துக்கு எவ்வளவு வளர்ந்தாள் என்று தெரிந்தால் உடனே சோதனைகளைத் தொடங்கலாம். தெரியாவிட்டால் ஆறு மாதம் காத்திருந்து மறுபடி அளக்க வேண்டும். எலும்பின் முனைகள் மூடிக்கொண்டால் அப்புறம் ஊசி போட்டும் பயனில்லை.

மறுநாள் காலையில் வள்ளித்தாய் மகளோடு பள்ளியில் நின்றாள்.

"டாக்டர் டேப்பு வடக்கத்தி டேப்பா இருக்கும்மா," என்றார் இசக்கித்துரை. "நம்ம அளவு வேற."

"சென்டிமீட்டர் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான சார்?"

"பிள்ளை கூனி நின்னிருப்பா. ஏட்டி, நிமிந்து நில்லு!"

"இருபத்தேழு சென்டிமீட்டருக்கா கூனுவா? பீரோவைத் தள்ளுங்க சார்."

"அது அரசாங்க பீரோ."

வள்ளித்தாய் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். ஒரு முட்டை உருண்டு விழுந்து உடைந்தது. அளவுகோல் வெளிச்சத்துக்கு வந்தது. மகளைச் செருப்பில்லாமல் நிறுத்தினாள். நூற்று இருபத்தொன்று. அரசாங்கச் சுவரும் டாக்டர் பக்கம் சேர்ந்துவிட்டது.

இசக்கித்துரை பதிவேட்டை விரித்தார். சண்முகப்ரியா ஆறாம் வகுப்பில் இருந்தபோது மருத்துவக் குழு ஒன்று பள்ளிக்கு வந்து உண்மையாகவே அளந்துவிட்டுப் போயிருந்தது. அவள் பெயருக்கு நேரே 118 என்று எழுதி, அதன் மேல் சிவப்பு மையால் கோடு. பக்கத்தில் அவர் கையால் 138. மற்ற பிள்ளைகளோடு ஒத்துப்போகவில்லை என்று அன்று அவரே ஒழுங்குபடுத்தியது. அவளைப் பற்றி இருந்த ஒரே நிஜமான எண்ணைத் தேடிப் பிடித்து அடித்திருக்கிறார்.

"இந்த நூத்திப் பதினெட்டை மட்டும் சரின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க சார். டாக்டருக்கு அது போதும்."

"தாயி, எழுதுனா எனக்கு மெமோ வரும். பதினெட்டு வருச சர்வீசுல ஒரு கறுப்புப் புள்ளி கெடையாது."

"மெமோ இன்னைக்கு வரும், நாளைக்குப் போவும். எம் மவளுக்கு எலும்பு மூடிட்டா தொறக்குமா?"

சண்முகப்ரியா இன்னும் சுவரோடு சுவராக நிமிர்ந்தே நின்றாள். நகரச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. இசக்கித்துரை அவளைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்ற வெகுநேரம் பிடித்தது. 'மருத்துவக் குழு அளந்த 118 என்பதே சரி. அதன் பிறகு நான் அளக்கவில்லை' என்று எழுதினார். சர்வீசில் அவர் எழுதிய மிகச் சிறிய கடிதம் அதுதான்.

இரண்டு வருடத்தில் மூன்றே சென்டிமீட்டர். டாக்டருக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த மாதமே சோதனைகள் முடிந்தன, ஊசியும் தொடங்கியது.

மெமோவும் தவறாமல் வந்தது. இசக்கித்துரை பயந்துபோய் எல்லாப் பிள்ளைகளையும் நிஜமாக அளந்து அனுப்பினார். மேலிடத்தில் அதிர்ந்துபோனார்கள். ஒரே மாதத்தில் பள்ளி முழுவதும் உயரம் குறைந்தது எப்படி என்று இரண்டாவது மெமோ வந்தது. பொய் எழுதிய பதினெட்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

ஆறு மாதம் கழித்து அவர் சுவரடியில் குந்தி, சண்முகப்ரியாவின் குதிகாலைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்காதட்டி. தரையில அமுக்கு."

"எவ்வளவு சார்?"

"நூத்தி இருபத்தஞ்சு."

"இருபத்தாறுன்னு போடுங்க சார், ஒட்டித்தான இருக்கு?"

"ஏற்கெனவே ஒனக்காக ரெண்டு மெமோ வாங்கிட்டேன். வேணும்னா நீயே வளந்துக்கோ."