அம்மா நன்றி சொன்ன ஞாயிறு

அந்த மாதம் முழுக்க எங்கள் ஒற்றை அறையில் ஆரஞ்சுத் தோல் வாசனையும் புண்ணுக்குப் போடும் டிஞ்சர் வாசனையும் கலந்து கிடந்தன. அப்பாவைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆரஞ்சுதான் வாங்கி வந்தார்கள். சபைக்காரர்கள் பழத்தோடு ஒரு பேச்சையும் கொண்டுவந்தார்கள். "உயிர் போகலையே, ஸ்தோத்திரம் பண்ணுங்க." நான் பழத்தை உரித்துத் தட்டில் வைப்பேன். வாயைத் திறக்க மாட்டேன். எனக்குப் பதினொரு வயது. உள்ளே எரிந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடம் ஆகியிருந்தது. ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய "லைன் வீடு" ஒன்றில் இருந்தோம். அப்பாவுக்கு ஊர் சாமல்பட்டி. ஓசூரில் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆபரேட்டர். தகட்டை உள்ளே வைத்தால் மேலிருந்து இறங்கி வெட்டும் மெஷின். அதற்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. இப்படிச் செய்தால் நாளுக்கு இத்தனை பீஸ் என்ற எண்ணிக்கை வராது என்று ஒரு பட்டனில் மரச்சில்லை ஆப்பாக வைத்து டேப் சுற்றச் சொன்னார் சூப்பர்வைசர். சுற்றினார்கள். அப்புறம் ஒரு கை அழுத்தும், ஒரு கை தகடு வைக்கும். ஒரு மதியம் அப்பாவின் இடது கையில் நான்கு விரல் போய்விட்டது.

அந்த சூப்பர்வைசர் தேவதாஸ்தான் எங்கள் சபையின் மூப்பர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல குரல், முன்வரிசையில் நின்று பாடுவார். அவர் சொல்லித்தான் அப்பாவும் இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆபரேட்டர்களும் அந்த ஷீட் போட்ட சபைக்கு வர ஆரம்பித்தார்கள்.

எங்கள் வீட்டு ஓனரம்மா கன்னடக்காரர். அவர் மட்டும்தான் வாசலில் நின்று, "ஹாளாகி ஹோக்லி அந்தக் கம்பெனி" என்று சபித்தார். நாசமாகப் போகட்டும் என்று அர்த்தம். வந்தவர்களிலேயே எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

சாயந்திரம் சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் நடக்கும். ஆளுக்கு மூன்று நன்றி சொல்ல வேண்டும். அம்மா அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். சும்மா "சுகம் தந்தீரே, பெலன் தந்தீரே" என்று ஒப்பிக்கக் கூடாது. அன்றைக்கு யார் என்ன செய்தார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விரல் போன பிறகும் அம்மா அதை நிறுத்தவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

"இல்லன்னா தேடு. சோறு ஆறுது."

"மெஷினுக்கு சொல்லட்டா? அப்பா வெரலத் தின்னுச்சே?"

அம்மா அடிக்கவில்லை. "மெஷினுக்குச் சொல்லுன்னு நான் எப்போடீ சொன்னேன்? செஞ்சவங்களுக்குத்தான் சொல்லச் சொன்னேன்" என்றார்.

எனக்கு அது புரியவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்தேன். வாங்கிய அடிக்கும் தலையாட்டச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை தேவதாஸ் வந்தார். அவரும் ஆரஞ்சுதான். பிரஸ் ஷாப்பில் பையன்கள் ஆப்பு வைத்த மெஷினில் நிற்க மாட்டோம் என்று முறைத்துக்கொண்டிருந்தார்களாம். விபத்தை விசாரிக்க கவர்மென்ட் ஆள் வேறு வரப்போகிறாராம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அப்பாவின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

"மாணிக்கம் பிரதர், ஞாயித்துக்கெழம சாட்சி சொல்லுங்க. என் கவனக்கொறவு, கர்த்தர் உயிரக் காப்பாத்தினாருன்னு ரெண்டு வார்த்த. பயலுவ அமைதியாயிருவானுவ. ஒங்க வேலைக்கு நான் பொறுப்பு."

அப்பா கட்டுப் போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாக்கலாங்க சார்" என்றார். அது சரி என்று சொன்னதா, இல்லை என்று சொன்னதா, தெரியவில்லை. வேலை போனால் வாடகை இல்லை, என் பள்ளிக்கூடம் இல்லை. அது எனக்குக்கூடத் தெரியும். ஆனால் அப்பா தன் வாயால் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டால், பையன்கள் திரும்ப அந்த ஆப்போடு நிற்பார்கள். அதுவும் தெரியும்.

ஞாயிறு வந்தது. சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் பாயில் உட்காருவோம். சாட்சி நேரத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பேசுகிறவர் ஒவ்வொன்றுக்கும் ஸ்தோத்திரம் சொன்னால் சபையும் கூடச் சொல்லும். நடுவில் யாரும் மறிக்க மாட்டார்கள். அது அங்கே வழக்கம்.

பாஸ்டர் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா எழுந்தார். நின்றார். ரொம்ப நேரம் நின்றார். தேவதாஸ் முன்னாலிருந்து திரும்பி, சொல்லுங்க என்பதுபோலத் தலையை ஆட்டினார். அந்த ஆளைக் கல்லால் அடிக்க வேண்டும்போல இருந்தது.

அப்போது என் பக்கத்தில் அம்மா எழுந்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு உசுரோட இருக்காரு, ஸ்தோத்திரம்."

சபை முழுக்க "ஸ்தோத்திரம்" என்றது.

"ரத்தத்தப் பாத்து பயப்படாம தன் சட்டையக் கழட்டிச் சுத்தி ஆட்டோவுல கூட்டினு போன ஒரிசாக்காரப் பையனுக்காக ஸ்தோத்திரம். அவன் பேரு எனக்குத் தெரியல, ஆண்டவருக்குத் தெரியும்."

"ஸ்தோத்திரம்."

"கை உள்ள போவக் கூடாதுன்னு மெஷினுக்கு ரெண்டு பட்டன் வெச்ச புண்ணியவானுக்காக ஸ்தோத்திரம்."

"ஸ்தோத்திரம்" என்றார்கள். பாதிப் பேர் முழித்தார்கள்.

"அதுல ஒண்ணுக்கு ஆப்பு வெச்சு டேப் சுத்தச் சொன்னாங்க. இவரு வேணாங்க சார்னு ரெண்டு தடவ சொன்னாரு. கேக்கல. கை போன மறுநாள் ஆப்பப் புடுங்கிட்டாங்களாம். திரும்ப வெக்கச் சொல்றாங்களாம். நிக்க மாட்டோம்னு சொல்ற புள்ளைங்களுக்காக ஸ்தோத்திரம்."

யாரும் சொல்லவில்லை. பிறகு கடைசி வரிசையில் ஓர் ஆபரேட்டர், ஜெபிக்கிற குரலில் இல்லாமல் சாதாரணமாக, "ஸ்தோத்திரம்" என்றார். அவர் பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அப்புறம் அந்த வரிசையே சொன்னது. அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார். அழுதுகொண்டிருந்தார்.

வெளியே செருப்பு மாட்டும்போது தேவதாஸ் வந்தார். முகம் கறுத்திருந்தது. "சிஸ்டர், சபையில வெச்சு இப்பிடிப் பண்ணிட்டீங்களே" என்றார்.

"நன்றிதாண்ணே சொன்னேன்" என்றார் அம்மா.

அந்த மெஷினில் அதன் பிறகு ஆப்பு ஏறவில்லை. அப்பாவின் வேலை மூன்று மாதத்தில் போனது. வேறு காரணம் எழுதிக் கொடுத்தார்கள். அப்பா ஒரு குடோனுக்கு வாட்ச்மேனாகப் போனார். அம்மா ரோஜாத் தோட்டத்துக்குப் பூ வெட்டப் போனார். நான் எட்டாவதோடு நின்றேன். பதினெட்டு ஆனதும் கம்பெனி பஸ் ஏறினேன், இன்னும் இறங்கவில்லை.

கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. நான்கு விரலுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். அம்மாவும் ஒரு நாளும் சொன்னதில்லை. கஷ்டத்தில் நன்றி சொல்வது என்றால் கஷ்டம் கொடுத்தவனை விட்டுவிடுவது என்று இன்றைக்கும் சிலர் பேசுகிறார்கள். அம்மாவிடம் வந்து பேசட்டும்.

சபை இப்போது கான்கிரீட் கட்டடம். ஏசி இருக்கிறது. பாய் போய் நாற்காலி வந்துவிட்டது. எழுந்து நின்று சாட்சி சொல்லும் நேரம் மட்டும் இல்லை. சனிக்கிழமைக்குள் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பார்த்துவிட்டு, நேரம் இருந்தால் மைக்கில் வாசிப்பார்கள்.

போன மாதம் கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடிய இரண்டு பெண்களுக்காக அம்மா நன்றி சொல்லச் சொல்ல, நான் சீட்டில் எழுதினேன். இரண்டு ஷிப்ட் தொடர்ந்து நிற்க வைத்ததால்தான் அவள் விழுந்தாள் என்பதையும் எழுதச் சொன்னார். எழுதினேன். சீட்டை வாங்கிய சபைத் தம்பி நின்றபடியே படித்தான். இன்னொரு தடவை படித்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நான்கு ஞாயிறு ஆகிறது. இன்னும் வாசிக்கவில்லை.