எண்ணெய் பட்ட கல்

கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருந்த ரேடியோ சாமான் கடை போன வருஷம் மூடப்பட்டது. இப்போது அங்கே எனாமல் பாத்திரம் விற்கிறார்கள். அந்தக் கடையில் மாலைதோறும் கூடியவர்கள் வழியில் என்னைக் கண்டால் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பழைய கப்பல்களிலிருந்து கழற்றி வந்த ஹெட்போன்கள், கண்ணாடி வால்வுகள், மெழுகு நாறும் கண்டென்சர்கள் எல்லாம் ஒரே மரப்பெட்டியில் கிடக்கும். கைவிட்டுத் துழாவலாம், ஒன்றும் வாங்காமலும் போகலாம். அப்படி ஒரு கடை இனி வராது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தக் கடையை நினைத்தாலே எனக்கு ஒரு சாயங்காலம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

என் அண்ணன் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் பாய்த்தோணியில் வேலை பார்த்தான். கரை இறங்கினால் வீட்டுக்கு வருமுன் அந்தக் கடைக்குத்தான் போவான். அங்கே வாங்கிய சாமானில் ஒரு ரேடியோ செய்தான். வால்வும் இல்லை, பேட்டரியும் இல்லை. அலையைப் பிடிக்கக் கடலை அளவில் ஒரு ஈயக்கல், அதைத் தொடுகிற ஊசி போன்ற கம்பி, ஒரு செப்புச் சுருள், ஹெட்போன். அவ்வளவுதான். அந்தக் கல்லை மட்டும் யாரும் விரலால் தொடமாட்டார்கள். விரல் பிசுக்குப் பட்டாலே அது ஊமையாகிவிடும். கடைக்கார அண்ணாச்சிகூடச் சாமணத்தால்தான் எடுத்துக் கொடுப்பார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். உலக யுத்தம் தொடங்கியபின் அதில் இங்கிலீஷ் செய்தியைக் கேட்டுத் தெருவுக்குச் சொல்வது என் வேலையாயிற்று. வயதில் மூத்த பெண்கள் வாசலில் நின்று, நான் வாய் திறக்கக் காத்திருப்பார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஈஸ்டர் கழிந்த மறுநாள், கொழும்புத் துறைமுகத்தில் குண்டு விழுந்ததாகச் சந்தையில் பேச்சு. அண்ணனின் தோணி அப்போது அங்கேதான் நின்றது. ஓடிவந்து ஹெட்போனை மாட்டினேன். கம்பியை எங்கே வைத்துப் பார்த்தாலும் சத்தமில்லை. கல் பளபளவென்று இருந்தது.

"மாதா விளக்கு எண்ணெய தொட்டு வச்சேன், ஏளா," என்றாள் அம்மா. "அவன் சேதி நல்லபடியா வரட்டும்னு."

அவளைத் திட்ட வாய் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடந்தேன். அம்மாவும் பின்னாலேயே வந்தாள்.

அண்ணாச்சி கல்லைப் பார்த்ததும் சாராயப் புட்டியை எடுத்தார்.

"தொடைக்காதிய அண்ணாச்சி," என்றாள் அம்மா.

"மாதா கோவிக்க மாட்டா, தாயி. எண்ணெய் இருந்தா இது பேசாது."

அம்மா வெளியே போய், கடைக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள்.

கல்லைக் கழுவி, கடையின் ஏரியல் கம்பியில் மாட்டினார். மாலையில் வழக்கமாகக் கூடுகிறவர்கள் இருந்தார்கள்; முதலில் ஹெட்போனை வாங்கி மாட்டியவர் துறைமுகக் கிளார்க்கு. கொஞ்ச நேரம் தலையை ஆட்டிவிட்டு, "குரல் தெளிவா இல்ல," என்றார்.

"சாருக்குக் காகிதத்துல எழுதிக் குடுத்தாத்தான் இங்கிலீசு," என்றார் மில் ஃபிட்டர். "தங்கச்சிகிட்ட குடுங்க."

கேட்டேன். எறும்பு ஊர்வதுபோல மெல்லிய குரல். துறைமுகம் தாக்கப்பட்டது, கப்பல்களுக்குச் சேதம் என்று சொன்னது. விழுந்த விமானங்களை எண்ணிச் சொன்னது. தோணிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.

வெளியே வந்தேன்.

"என்ன சொல்லுதான்?"

"குண்டு போட்டது நெசந்தாம்மா."

"தோணியப் பத்தி?"

"ஒண்ணும் சொல்லல."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப ஒண்ணும் ஆகல."

எங்கள் கரையில் ஒரு தோணி மூழ்கிப்போனால், முதலில் வந்து சேர்வது அதன் பெயர்தான். பெயர் வராதவரை அது மிதந்துகொண்டிருக்கிறது என்றே எல்லோரும் இருப்பார்கள். அம்மா அந்தக் கணக்கைத்தான் போட்டாள். அந்த இங்கிலீஷ் குரலுக்குத் தோணி ஒரு கப்பலே இல்லை, மூழ்கினாலும் அது சொல்லாது என்று எனக்குத் தெரிந்தது. கடைக்குள் இருந்தவர்களுக்கும் தெரிந்தது. ஃபிட்டர் கையிலிருந்த கம்பிச்சுருளைப் பிரித்து மறுபடி சுற்றினார். நானும் அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

அம்மா வேகமாக நடந்தாள். வழியில் நெத்திலி வாங்கினாள். அன்று அண்ணனுக்கும் சேர்த்து உலை வைத்தாள். மழைக்காலம் வந்து போனபின்னும் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.