கீழாநெல்லி என்று நான் சொன்ன பொய்

பேச்சியம்மாளை ஒரு பொய் சொல்லிச் சாகடித்தவள் நான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்... என்னைத் தேற்ற வேண்டாம்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில், எதிரெதிரே உட்கார்ந்து பட்டாசைப் பெட்டியில் அடுக்கியவர்கள் நானும் அவளும்.

எனக்குப் பித்தப்பையை எடுத்து நான்கு வருடம் கழித்து, பித்தக் குழாயில் மறுபடியும் கல் வந்தது. கண் மஞ்சளாகி, குளிர்காய்ச்சலில் நடுங்கிப்போனேன். மதுரையில் வாய்வழியாகக் குழாய் விட்டு எடுத்தார்கள். பை போனாலும் கல் திரும்ப வரலாம், காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்து வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார்.

அப்போது மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தாய்க்குத் தீராத வியாதி என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டால்...? அந்தப் பயத்தில், தங்கை வீட்டில் தங்கிக் கீழாநெல்லி குடித்தேன், காமாலை இறங்கிவிட்டது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன்.

கல்யாணம் முடிந்தது. அதற்குப் பிறகாவது உண்மையைச் சொன்னேனா? இல்லையே! கைமருந்து தெரிந்தவள் என்று என்னிடம் பத்துப் பேர் வந்து கேட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெருமை எனக்குப் பிடித்திருந்தது.

மறு சீசனில் பேச்சியம்மாளின் கண் மஞ்சளானது. அவளுக்கும் பித்தப்பை எடுத்திருந்தது. மத்தியானச் சோற்றைத் தொடாமல், வெயிலிலும் முக்காடு போட்டு நடுங்கிக்கொண்டு கேட்டாள்.

"பையவே எடுத்தாச்சேக்கா, இனி எங்கன இருந்து கல்லு வரும்? இது வெறும் மஞ்சக்காமாலதான். நீங்க எத்தன நாளு குடிச்சீக?"

எனக்குத் தெரியும். அங்கிருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்! சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்...

"ஏழு நாளு" என்றேன்.

எதற்கும் ஒரு தடவை டாக்டரிடம் காட்டு என்றாவது சொல்லியிருக்கலாமே! என் குட்டு உடையாமலே அதைச் சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட ஏன் எனக்கு வாய் வரவில்லை?

ஐந்தாம் நாள் நினைவு தப்பிய பிறகுதான் விருதுநகருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குழாயில் கல் அடைத்து, சீழ் பிடித்து, ரத்தத்தில் கலந்துவிட்டதாம். மறுநாள் போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியத்தில் அவள் புருஷன் என் அருகே வந்து உட்கார்ந்தார். சொல்லிவிடத்தான் நினைத்தேன்... அவர் முந்திக்கொண்டார்.

"நீங்க சரியாத்தான் சொன்னீகக்கா. அவதான் கசக்குதுன்னு ரெண்டு நாளு குடிக்காம விட்டுட்டா."

செத்தவள் மேலேயே பழி விழுந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா?

"ஆமா தம்பி, விடாமக் குடிச்சிருக்கணும்" என்றேன்.

அவர் தன் பிள்ளைகளிடம் இன்றைக்கும் அதையே சொல்கிறார். நான் இன்னும் மறுத்துச் சொல்லவில்லை.