ஆஸ்பத்திரி பார்க்கும் படலம்

நேர்காணல் பத்து மணிக்கு. ஒன்பதுக்கே ஆன்சி குரியாக்கோஸ் பின்வாசல் வழியாக நுழைந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் இடம் பிடித்துவிட்டாள். புது இடம் என்றால் வரவேற்பறைப் பக்கம் தலைகாட்ட மாட்டாள். பால் விடாத கட்டன் சாயாவை ஆறவிட்டபடி, வந்துபோகும் நர்சுகளின் கால்களைப் பார்ப்பாள். வீங்கியிருக்கிறதா? உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா?

"நின்னுக்கிட்டே புட்டு முழுங்குறாளா, உள்ள ஆள் பத்தலன்னு அர்த்தம். தரையில பளிங்கு போட்டிருக்கான்னு மயங்கினா நாமதான் மாட்டணும்" என்பாள்.

இன்று மூன்று பேர் நின்றபடிதான் விழுங்கினார்கள்.

இருபது வருட நர்சு அவள். ஏற்றுமானூர் சுற்றுவட்டாரத்தில் ஏழு ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவள். கடைசி இடத்தில் வார்டையே மூடிவிட்டதில் நாலு மாதமாக வீட்டில். இந்த மாதமும் அமையாவிட்டால் குவைத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியதுதான். பத்தாவது படிக்கும் மகளை விட்டு இரண்டு வருடம். காலையில் பைக்கில் கொண்டுவந்து இறக்கிய கணவன் ரெஜி, இன்றைக்காவது எதிர்க்கேள்வி கேட்காமல் வரும்படி கெஞ்சினான்.

"நீங்க பொண்ணு பாக்க வந்தப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அதோட போதும்" என்றாள்.

நேர்காணலில் மேலாளர் இனிமையாகப் பேசினார். நாளைக்கே சேரலாம் என்றார். நியமனக் கடிதம் மெல்ல வரட்டும், இங்கே எல்லோரும் ஒரே குடும்பம் என்றார். குடும்பம் என்று சொல்கிற இடத்தில் லீவு கிடைக்காது என்பது ஆன்சியின் அனுபவம். அவள் எங்கேயும் தவறாமல் கேட்கும் ஒன்றைக் கேட்டாள்.

"எனக்கு முன்னால இருந்த சிஸ்டர் ஏன் சார் போனாங்க?"

"கல்யாணம் ஆயிடுச்சு."

"அவங்களுக்கு முன்னால?"

"அவங்களுக்கும்தான். ராசியான வார்டு, சிஸ்டர்."

சிரித்துக்கொண்டே அவர் அவளுடைய சான்றிதழ்க் கோப்பைத் தன் பக்கம் இழுத்து, அதன்மேல் முழங்கையை ஊன்றினார். அசல் எல்லாம் இரண்டு வருடம் ஆபீசிலேயே பத்திரமாக இருக்கும், இங்கே அதுதான் வழக்கம் என்றார்.

குவைத்துக்குக் கிளம்பும்போது விமான நிலையத்தில் மகள் முகம் எப்படி இருக்கும் என்று ஆன்சி ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, படுத்த படுக்கையாக இருக்கும் நோயாளிக்கு விரிப்பு மாற்றுகிற பதத்தில், இடது கையால் அவர் முழங்கையை மெல்லத் தூக்கி, வலது கையால் கோப்பை உருவிக்கொண்டு, அவர் கையை வலிக்காமல் திரும்ப மேசைமேல் வைத்தாள்.