லோகாட் மரத்துக்கு ஜாமீன்

டெல்லி ஜனக்புரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு மண்ணில் என் கணவர் ஒரு லோகாட் கொட்டையைப் புதைத்தார். மஞ்சளாக, புளிப்பும் இனிப்புமாக இருக்கும் பழம். கொட்டை போட்டு வளர்த்தால் காய்க்கப் பல வருஷம் ஆகும் என்று தோட்டக்கார மாலி அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். மரம் என்னவோ தளதளவென்று வளர்ந்தது. குளிர்காலத்திலும் இலை உதிராமல் படுக்கையறை ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றது. பூ மட்டும் இல்லை.

அவர் திருநெல்வேலிக்காரர். காய்க்காத மரத்தை மிரட்ட வேண்டும் என்பார். மழை முடிந்ததும் நான் கோடாலியோடு போய், "காய்க்காத உனக்கு இங்க என்ன வேலை? வெட்டிப் போட்டுருவேன்" என்பேன். அவர் குறுக்கே வந்து, "விட்டுரு. அடுத்த வருசம் காய்க்கும். நான் பொறுப்பு" என்பார். மிரட்டுகிறவரே ஜாமீன் நிற்கக் கூடாதாம், மரம் நம்பாதாம். வருஷா வருஷம் இந்தக் கூத்து.

பிறகு அவர் படுத்தார். ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சுதான். "அடுத்த வருசம் எந்திரிச்சு நடப்பேன். நான் பொறுப்பு." குளிர் வருவதற்குள் போய்விட்டார். எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது.

அடுத்த மழை முடிந்த ஒரு சாயங்காலம் கோடாலியை எடுத்தேன். இந்தத் தடவை மிரட்டல் இல்லை, வெட்டத்தான் போனேன். அந்த இருட்டு ஜன்னலோடு இன்னொரு வருஷம் என்னால் படுக்க முடியாது. பழக்கதோஷம், வாய் பழைய வசனத்தைச் சொல்லிவிட்டது. சொன்னதும் ஓங்கிய கை நின்றது.

"விட்டுரு. அடுத்த வருசம் காய்க்கும். நான் பொறுப்பு."

அவருடைய குரல். சிகரெட் பிடித்துக் கரகரத்துப்போன அதே குரல். திரும்பினேன். ஜன்னலில் மகள் மட்டும் நின்றிருந்தாள். டெல்லியில் பிறந்தவள், அவள் வாயில் இந்தத் திருநெல்வேலித் தமிழ் வராது. முகம் வெளிறியிருந்தது.

"யாருடி பேசினது?"

"மம்மி, ப்ளீஸ், ஐசா மத் கரோ. இப்படிப் பண்ணாத, பயமா இருக்கு. நீதான் பேசின. டாடி மாதிரி."

தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன். எரிந்தது.

அந்தக் குளிரில் மரம் பூத்தது. ஹோலி கழிந்து கொத்துக் கொத்தாகப் பழுத்தது. மகள் தொடவில்லை, நான்தான் தின்றேன். மரத்துக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், எனக்குச் சொன்னதைக் காப்பாற்றவில்லை.

மறுபடி மழை முடிந்தது. காய்க்கிற மரத்தை யாராவது மிரட்டுவார்களா? ஆனால் அவர் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோடாலியைத் தேடினேன். மகள் அதை எங்கோ ஒளித்து வைத்திருந்தாள்.