நிறைந்தே இருந்த பேட்டரி

தாமரைச்செல்விக்கு வீட்டில் எதுவும் பாதியாக இருந்தால் பிடிக்காது. தண்ணீர்க்குடம் தளும்ப வேண்டும், அரிசி டப்பா கழுத்து வரைக்கும் இருக்க வேண்டும். புட்டுத்தோப்புச் சந்தில், அவள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் பேட்டரி ஆட்டோ வந்து நின்ற நாளிலிருந்து அதற்கும் இதே சட்டம்தான்.

அதற்கு முன்பு அவள் ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கடை திறந்ததிலிருந்து அடைக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். பேருக்கு ஸ்டூல் போட்டிருந்தார்கள். யாராவது உட்கார்ந்தால் மேனேஜர் அந்தப் பக்கமாகவே நடந்துகொண்டிருப்பார். கெண்டைக்கால் நரம்பு பச்சைக் கயிறாக முறுக்கிக்கொண்ட பிறகுதான் ஆட்டோ ஓட்டப் பழகினாள்.

"உக்காந்து பாக்குற வேலைங்க" என்று புருஷன் சோலையிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பந்தல் வேலைக்குப் போகிற சோலை, "அப்ப நாந்தான் இனிமே நிக்கணும்" என்றான்.

காலையில் திருநகரிலிருந்து ஸ்யாமளா டீச்சரையும் இன்னும் இரண்டு டீச்சர்களையும் ஆரப்பாளையம் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வருவாள். சாயங்காலம் கொண்டுபோய் விடுவாள். அந்த மாதச் சவாரிதான் ஆட்டோவின் உயிர். நடுவில் கிடைக்கிற சில்லறைச் சவாரிகளை முடித்துக்கொண்டு உச்சிவெயிலில் வீட்டுக்கு ஓடுவாள். சீட்டுக்கு அடியில் பேட்டரிப் பெட்டி தோசைக்கல்லாகக் கொதிக்கும். அந்தச் சூட்டோடு சூடாக, அனல் அடிக்கிற தகரத்துக்குக் கீழே சார்ஜரைச் சொருகிவிட்டுத்தான் சோற்றுத்தட்டைத் தொடுவாள். சார்ஜ் நூறு வந்த பிறகும் பிடுங்க மாட்டாள். சொருகியே கிடக்கும்.

"என்னக்கா, பிள்ளைக்குப் பசியாத்தக் கெளம்பிட்டியா?" என்பான் ஸ்டாண்டில் டீசல் ஆட்டோ வைத்திருக்கும் அருள்பாண்டி.

"ஒன் வண்டி மாதிரி ஊரெல்லாம் இருமிக்கிட்டா திரியுது? போடா."

இரண்டு கோடை நன்றாகத்தான் போயிற்று. மூன்றாவது கோடையில் பேட்டரி இளைக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க ஓடினது அரை நாளாயிற்று. அவள் சில்லறைச் சவாரிகளை விட்டாள். இன்னும் அடிக்கடி சார்ஜ் போட்டாள். இளைத்த பிள்ளைக்கு வேறென்ன செய்வார்கள்?

ஒரு சாயங்காலம், டீச்சர்களை ஏற்றிக்கொண்டு பசுமலை பக்கம் போகையில், சார்ஜ் காட்டும் திரையில் மூன்று கோடு இருந்தது. ஏற்றத்தில் அது ஒன்றாயிற்று. அப்புறம் திரையே அணைந்தது. பின்னால் பஸ் ஹாரன் கிழித்தது. அவள் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போன் போட்டதும் வந்த அருள்பாண்டி, தன் ஆட்டோவில் உட்கார்ந்தபடியே காலை நீட்டி அவள் வண்டியின் பின்பக்கத்தில் கொடுத்து, திருநகர் வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தான். உள்ளே மூன்று டீச்சர்களும் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு மணியைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

சர்வீஸ் சென்டரில் வர்ஷினி என்ற பெண், கம்ப்யூட்டரில் ஒயரை மாட்டிப் பார்த்தது.

"பாதிக்கு மேல போயிருச்சுக்கா."

"எங்கம்மா போச்சு? ஒரு நா கூட நான் கொறைய விட்டதில்லையே."

வர்ஷினி ஒயரைக் கழற்றியது. "அதுதான்க்கா. உள்ள கரி பூசுன தகடு இருக்கு. மொதல்ல சார்ஜ் பண்றப்பவே அதுமேல மெல்லிசா ஒரு படலம் உண்டாகும். அது வேணும், தகட்டுக்கு அதுதான் பாதுகாப்பு. ஆனா சூட்டுல முழுசா ஏறியே நின்னா, அந்தப் படலம் தடிச்சுக்கிட்டே போகும். உள்ள சார்ஜத் தாங்குற லித்தியத்தத் தின்னுதான் தடிக்கும். அதான் சார்ஜும் நிக்கல, ஏத்தத்துல இழுக்கவும் மாட்டேங்குது."

"பால்ல ஏடு கட்டுமே, அப்படியா?"

"அப்படியே வச்சுக்கங்க."

"ஏட்ட வழிச்சு எடுத்துட்டா?"

"முடியாதுக்கா. எடுத்தாலும் மறுபடி கட்டும், இன்னும் தின்னும். வண்டி ஆறுன பெறகு சார்ஜ் போட்டு, எம்பதுல நிறுத்தியிருந்தா..."

"விக்கிறப்ப எப்ப வேணா போடலாம்னுதானம்மா சொன்னாங்க."

"சொல்லுவாங்கக்கா."

"இப்பருந்து அப்படிச் செஞ்சா?"

"இருக்குறது கொஞ்சம் தாங்கும். போனது வராது."

கியாரண்டிக் கிலோமீட்டர் எப்போதோ தாண்டியிருந்தது. புதுப் பேட்டரி வாங்குவது என்பது பாதி ஆட்டோவை மறுபடி வாங்குவது. அவள் வீட்டுக்கு வந்து, வெயில் தாழ்ந்து பெட்டி ஆறுகிற வரைக்கும் காத்திருந்து சார்ஜ் போட்டாள். எண்பதில் பிடுங்கும்போது, பந்தியில் சாப்பிடுகிறவன் இலையைப் பாதியில் இழுப்பது போலக் கை கூசியது. ஆனாலும் பிடுங்கினாள்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் ஸ்யாமளா டீச்சர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதம்மா. நேரத்துக்குப் போகணும். அருள்பாண்டியையே வரச் சொல்லிட்டோம்."

"இதுல என்ன டீச்சர் இருக்கு. நல்லா ஓட்டுவான்" என்றாள்.

மறுநாள் அருள்பாண்டி அவளைப் பார்த்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கேலி எதுவும் வரவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆடித் தள்ளுபடிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அந்தப் பழைய ஜவுளிக்கடைக்கே போய்ப் பேசிவிட்டு வந்தாள். அதே மேனேஜர்தான். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது சோலை நிமிர்ந்து பார்த்தான். அவள் அடுப்பு மேடைப் பக்கம், தட்டைக் கையில் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"உக்காந்து தின்னேன், தாமர."

"இல்லங்க, பழகணும்ல" என்று சொல்லிவிட்டு, காலை மாற்றி நின்றுகொண்டாள்.